தெறிக்கும் நீரும் தெளியும் கண்ணும்

விழா மலருக்குத் தமிழாசிரியர் எழுதும் கட்டுரை இலக்கியம் பற்றியதாகவே இருக்கும் என்பது வாசகர் பலரின் எதிர்பார்ப்பு. யாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒளிப்படக் கலை. அதிலும், விரைந்து நிகழ்வனவற்றையும் தெறிக்கும் நீரையும் படம்பிடிக்கும் ஒரு சிறு துறை. எனினும் இது தமிழாசிரியருக்கு அயலான பொருள் அன்று. உள்ளதை உள்ளவாறு காண்டலும், கண்டதைப் பொருத்தமான சொல்லால் உரைத்தலும் எம் தொழில். அவ்விரண்டையும் இக்கலையைப் போலக் கண்டிப்புடன் கற்பிப்பன மிகச் சிலவே.

இன்று நம் மாணவர் பலரின் கையில் கமராவுடன் கூடிய கைத்தொலைபேசி உண்டு. குளம் வான் பாயும்போதும், விளையாட்டுப் போட்டியின்போதும், கடற்கரையில் வலை வீசும்போதும் அவர்கள் எடுக்கும் படங்கள் நாள்தோறும் எம் பார்வைக்கு வருகின்றன. "நன்று" என்று கூறித் திருப்பிக் கொடுத்தல் எளிது. அவ்வொரு சொல்லால் எடுத்தவர் கற்றுக்கொள்வது யாது? கணப்பொழுதைப் படமாக்கும் முறை யாது, அப்படத்தின் குறைநிறைகளை எவ்வாறு கூறுதல் வேண்டும் என்னும் இரண்டையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கண்ணின் எல்லை

ஒரு நீர்த்துளி 50 சதமமீற்றர் உயரத்திலிருந்து விழுவதாகக் கொள்வோம். ஏறத்தாழ 0.32 செக்கனில் அது கீழே வந்து சேரும். தரையைத் தொடும்போது அதன் கதி செக்கனுக்கு 3.1 மீற்றர். ஒரு செக்கனின் 60இல் ஒரு பங்கில் அத்துளி 5 சதமமீற்றருக்குச் சற்று மேற்பட்ட தூரம் சென்றுவிடும். நீரில் விழுந்தபின் அது குழியாகி, முடியாகி, தூணாகி, அலையாகி அடங்குதலும் இமை கொட்டும் நேரத்தளவிலேயே முடிந்துவிடுகின்றது. இத்தனை வேகமாக மாறும் வடிவங்களைக் கண்ணால் தனித்தனியே பிரித்துணர இயலாது. ஒன்றன்மேல் ஒன்றாகப் படியும் அவற்றைக் கண் ஒரு மங்கலாகவே பெறுகின்றது.

மங்கலாகப் பெற்றதை மனம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்கின்றது. இதுவே நாம் கருத்தில் இருத்த வேண்டிய உண்மை. பாய்ந்தோடும் குதிரையை ஓவியர்கள் நெடுங்காலமாக முன்கால்களை முன்னும் பின்கால்களைப் பின்னும் நீட்டி அந்தரத்தில் பறப்பதாகத் தீட்டிவந்தனர். 1878ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்பார் வரிசையாகக் கமராக்களை நிறுத்தி ஓடும் குதிரையைப் படம்பிடித்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தை விட்டெழும் கணம் உண்டு என்பது உறுதியாயிற்று. ஆனால் அக்கணத்தில் கால்கள் நீண்டிருக்கவில்லை. வயிற்றின்கீழ் மடங்கிக் குவிந்திருந்தன. கண்ணுடைய ஓவியர் எத்தனையோ பேர் கண்டும் காணாதிருந்ததைக் கமரா கண்டது.

வரைந்த முடியும் வார்த்த முடியும்

துளியின் கதை இதனினும் வியப்புடையது. ஆதர் வொர்திங்டன் என்னும் ஆங்கிலேய பௌதிக ஆசிரியர் 1870களிலேயே துளிகள் தெறிக்கும் வடிவங்களை ஆராயத் தொடங்கினார். இருட்டறையில் பாலையோ இரசத்தையோ ஒரு துளி விழச் செய்வார். குறித்த கணத்தில் ஒரு மின்பொறி பளிச்சிடும். அந்த ஒளியில் கண்ணில் பதிந்த வடிவத்தை உடனே தாளில் வரைந்துகொள்வார். அடுத்த துளிக்குப் பொறியைச் சிறிதே தாமதிப்பார். இவ்வாறு பல துளிகளின் பல கணங்களை ஒன்றாகக் கோத்து, ஒரு தெறிப்பின் வரலாற்றை அமைத்தார். அவர் வரைந்த முடிகள் யாவும் ஒழுங்கானவை. கதிர்கள் சம இடைவெளியில் அமைந்த அழகிய வட்டங்கள்.

1894ஆம் ஆண்டில் அத்தெறிப்பை ஒளிப்படமாகவே எடுக்க அவரால் இயன்றது. பொறியின் ஒளி நின்றது ஒரு செக்கனின் மில்லியன் பங்குகளுட் சில பங்கு நேரமே. படத்தில் தோன்றிய முடியோ ஒருபுறம் உயர்ந்து மறுபுறம் தாழ்ந்திருந்தது. கதிர்களுட் சில தடித்தன, சில மெலிந்தன, சில முறிந்தன. பழைய குறிப்பேடுகளை மீண்டும் புரட்டியபோது, ஒழுங்கற்ற வடிவங்களை முன்னரும் தாம் வரைந்திருந்ததை அவர் கண்டார். அவற்றைத் தற்செயலான பிழைகள் எனத் தள்ளி, ஒழுங்கானவற்றையே தேர்ந்து வெளியிட்டிருந்தார். இதனை அவர் மறைக்கவில்லை. 1908ஆம் ஆண்டில் வெளிவந்த தெறிப்புகள் பற்றிய தம் நூலில் எடுத்துரைத்தார். அறிவுடையார்க்கு அழகு இதுவன்றோ!

முடியின் விளிம்பு மணிகளாக உடைவதற்குக் காரணம் நீரின் மேற்பரப்பிழுவிசை. குழாயிலிருந்து மெல்லிதாக வழியும் நீரிழை சிறிது தூரம் சென்றபின் துளிகளாக அறுபடுவதை நாம் அறிவோம். பெல்ஜிய அறிஞர் பிளாட்டோவும் ஆங்கிலேய அறிஞர் ரேலி பிரபுவும் ஆராய்ந்து விளக்கிய இயல்பு இது. முடியின் விளிம்பும் அவ்வகை நீரிழையே. வளைந்து வட்டமாக நிற்பதொன்றே வேறுபாடு. எங்கே சிறிது தடிப்பு நேர்ந்ததோ அங்கே மணி திரள்கின்றது. சிறு அதிர்வும் காற்றும் இடத்துக்கிடம் வேறுபடுதலால் மணிகளும் ஒன்றுபோல் அமைவதில்லை.

பின்னர் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்துப் பேராசிரியர் ஹரல்ட் எட்ஜர்ட்டன் 1930களில் செனன் போன்ற வாயுக்கள் நிரப்பிய குழாய்களில் மின்னைப் பாய்ச்சி, மீண்டும் மீண்டும் பளிச்சிடும் விளக்குகளை உருவாக்கினார். பாற்றுளி முடியை அவர் பல ஆண்டுகள் விடாது படம்பிடித்தார். 1957ஆம் ஆண்டில் வண்ணத்தில் எடுத்த பாற்றுளிப் படம் உலகப் புகழ்பெற்றது. இன்று நம் கடைகளில் விற்கும் பிளாஷ் விளக்கு அவர் அமைத்த விளக்கின் வழிவந்ததேயாம்.

நம்மவருக்கும் இத்துறையில் பங்குண்டு. திருச்சிராப்பள்ளியில் 1888ஆம் ஆண்டிற் பிறந்த சர். சி. வி. இராமன், 1930ஆம் ஆண்டில் நொபெல் பரிசு பெறுவதற்குப் பத்தாண்டுகள் முன்னரே, ஆசுதோஷ் தே என்பாருடன் சேர்ந்து, தெறிப்புகளின் ஒலி பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். துளி விழும்போது எழும் "ளொக்" என்னும் ஓசைக்கு 2018ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் மிகுவேகக் கமரா கொண்டு தெளிவான விளக்கம் கண்டனர். துளி நீரைத் தொடும் அடியால் அவ்வோசை எழுவதில்லை. குழியின் அடியில் சிறைப்படும் ஒரு சிறு காற்றுக்குமிழி அதிர்ந்து நீர்ப்பரப்பையும் அதிரச் செய்தலே அதற்குக் காரணம். நீரிற் சிறிது சவர்க்காரம் கலந்தால் மேற்பரப்பிழுவிசை குறைந்து அவ்வோசை அடங்கிவிடும். இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்தது ஒழுகும் கூரை ஒன்றாம். மாரியில் ஒழுகும் கூரையின்கீழ்ச் சட்டி வைத்து வாழ்ந்த நம் ஊரவர்க்கு இச்செய்தி அணுக்கமாகவே தோன்றும்.

வீட்டில் செய்து காணும் முறை

இனிச் செய்முறையைக் கூறுவோம். முதலில் உணர வேண்டியது, இருட்டறையில் துளியை உறையச் செய்வது ஷட்டர் என்னும் மூடுதிரை அன்று, பிளாஷ் ஒளியே என்பது. ஷட்டர் ஒரு செக்கன் திறந்திருந்தாலும் இருளில் எதுவும் பதியாது. ஒளி பளிச்சிடும் கணமே படமாகும். ஆதலின் ஒளி எத்துணைக் குறுகியதோ, படம் அத்துணைக் கூர்மையுடையது.

பிளாஷ் விளக்கை முழு வலுவில் எரியச் செய்தால் அதன் ஒளி ஏறத்தாழ ஆயிரத்திலொரு செக்கனோ அதற்கு மேலோ நீடிக்கும். அந்நேரத்தில் நம் துளி 3 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். துளியின் அகலமே 4 அல்லது 5 மில்லிமீற்றர்தான். வலுவைக் குறைத்து 64இல் ஒரு பங்காகவோ 128இல் ஒரு பங்காகவோ அமைத்தால், பல விளக்குகளில் ஒளி 20,000இல் ஒரு செக்கன் அளவிற்குச் சுருங்கும். அப்போது துளி நகர்வது ஒரு மில்லிமீற்றரின் ஆறிலொரு பங்கே. வலுவைக் கூட்டினால் படம் தெளியும் என்று எண்ணுதல் இயல்பு. உண்மை அதற்கு மாறானது. வலுவைக் குறைத்து, விளக்கை அருகிற் கொணர்தலே முறை.

மருந்துக்கடையில் விற்கும் புதிய சேலைன் குழாய் ஒன்றை வாங்கிக்கொள்க. அதிலுள்ள சிறு உருளையைத் திருகித் துளி விழும் வேகத்தைக் கட்டுப்படுத்தலாம். நீர்ப்புட்டியை ஒரு தாங்கியிற் கட்டித் தொங்கவிட்டு, குழாயின் முனை 50 சதமமீற்றர் உயரத்தில் நிற்குமாறு செய்க. கீழே கருநிறத் தட்டொன்றில் நீரை விளிம்பு மட்டும் நிரப்புக. துளி விழும் இடத்தில் ஓர் ஆணியை நிறுத்தி, அதன்மேல் வில்லையைக் கையாற் குவியப்படுத்தி, பின்னர் ஆணியை அகற்றிவிடுக. வில்லைத் துவாரம் எஃப் 11 அளவிலும், ஐ.எஸ்.ஓ. 200 அல்லது 400 அளவிலும் இருத்தல் நன்று. பின்னால் மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் பின்னிருந்து ஒளி வருமாறு விளக்கை வைப்பின், துளி மணிபோல் ஒளிரும்.

முடியைக் காண விரும்புவோர் தட்டில் 2 அல்லது 3 மில்லிமீற்றர் ஆழத்திற்கு மட்டும் பால் ஊற்றுக. தூணைக் காண விரும்புவோர் ஆழமான பாத்திரத்தில் நீரை எடுக்க. தூண் எழுந்து நிற்கும் வேளையில் அடுத்த துளி அதன் தலையில் விழுமாயின் அழகிய குடையொன்று விரியும்.

கணத்தைத் தேர்தலே கடினம். கண்டபின் விசையை அழுத்துவோமாயின், கை அசைவதற்குள்ளேயே தெறிப்பு முடிந்துபோகும். துளிகள் சீராக விழும்போது அவற்றின் தாளக்கட்டை மனத்திற் கொண்டு அழுத்துதல் வேண்டும். நூறு படங்களுள் இரண்டோ மூன்றோ தேறுமாயின் அது நல்ல வேட்டையே. விஞ்ஞானப் பிரிவு மாணவர் குழாயின்கீழ் ஓர் ஒளிக்கற்றையை அமைத்து, துளி அதனை மறைத்ததும் சிறு இலத்திரனியற் சுற்று ஒன்று குறித்த தாமதத்தின்பின் விளக்கை எரியச் செய்யுமாறு அமைக்கலாம். தாமதத்தை ஐந்து ஐந்து மில்லிசெக்கனாகக் கூட்டிக்கொண்டு சென்றால் வொர்திங்டன் செய்ததையே நம் வீட்டு மேசையிற் செய்தவராவோம். ஓர் எச்சரிக்கை: பழைய பிளாஷ் விளக்கை ஒருபோதும் கழற்றிப் பார்த்தல் கூடாது. மின்கலத்தை நீக்கிய பின்னும் அதன் கொள்ளளவியில் 300 வோல்ற்று அளவிலான மின் தங்கியிருக்கும்.

கைத்தொலைபேசி மட்டுமே உடையோர் மனந்தளர வேண்டா. அதிலுள்ள வெண்ணிற விளக்குக் குறுகிப் பளிச்சிடுவதன்று. ஆயினும் வன்னியின் வெயில் நமக்கு உண்டு. காலை வெயிலிற் பாத்திரத்தை வைத்து, ஷட்டரை 4,000இல் ஒரு செக்கனுக்கு அமைத்துத் தொடர்ச்சியாக எடுக்கலாம். துளி அப்போது ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகவே நகரும்.

குளத்தருகும் களத்திலும்

வெளியில் எடுக்கும்போது ஷட்டரே ஆட்சி செய்கின்றது. கிளித்தட்டு ஆடும் சிறுவன் செக்கனுக்கு 6 மீற்றர் ஓடுவானாயின், ஆயிரத்திலொரு செக்கனில் 6 மில்லிமீற்றர் நகர்வான். படத்தில் அது தெரியாது. கமராவை அவனோடு சேர்த்துத் திருப்பிக்கொண்டே 60இல் ஒரு செக்கனில் எடுத்தால், அவன் தெளிந்தும் பின்புலம் கோடுகளாக இழுபட்டும் தோன்றும். முன்னையது அவன் உடல் நின்ற நிலையைக் காட்டும். பின்னையது அவன் ஓட்டத்தைக் காட்டும்.

மாரி காலத்தில் இரணைமடுக்குளமோ வவுனிக்குளமோ வான் பாயும்போதும் இவ்வாறே. 2,000இல் ஒரு செக்கனில் எடுத்த நீர், கண்ணாடி மணிகளை வாரி இறைத்தாற்போல் தோன்றும். கமராவை அசையாது நிறுத்தி 8இல் ஒரு செக்கனில் எடுத்தால் அதே நீர் வெண்பட்டு விரித்தாற்போல் தோன்றும். இவ்விரண்டுள் எது மெய் என்று மாணவர் வினவுவர். இரண்டும் மெய்யே, ஒன்று கணத்தின் மெய், மற்றொன்று காலத்தின் மெய். எதனைக் காட்ட விரும்புகின்றோம் என்பதை எடுக்குமுன் தெளிந்துகொள்ளுதல் வேண்டும். வான் கதவுகளின் அருகும் வழுக்கும் கட்டிலும் படத்தின் பொருட்டு நிற்றல் ஆகாது. எந்தப் படமும் ஓர் உயிரின் விலை பெறாது.

சொல் வேண்டும்

இனிக் குறைநிறை கூறுதலுக்கு வருவோம். ஒன்றைச் சுட்டிக் கூறுவதற்கு அதற்கொரு பெயர் வேண்டும். தெறிப்பின் நிலைகளுக்குத் தமிழிற் பெயர் வைத்துக்கொள்ளுதல் அரிதன்று. விழுவது துளி, அது நீரில் அகழ்வது குழி, குழியின் விளிம்பு எழுந்து நிற்பது முடி, முடியின் நுனியில் திரள்வது மணி, மணி அறுந்து பறப்பது திவலை, குழி நிரம்பி நடுவில் எழுவது தூண், தூணின் தலையில் விரிவது குடை, அகன்று செல்வது வளையத் திரை. நீர்க்குமிழிக்கு மொக்குள் என்றொரு பழஞ்சொல் உண்டு. அச்சொல்லே மலரும் பருவத்து அரும்பையும் குறிக்கும். குமிழியிலே அரும்பைக் கண்ட நம் முன்னோர் எத்துணை நுணுகி நோக்கினர்!

இச்சொற்கள் கைவரப்பெற்றோர் "படம் அருமை" என்று நிறுத்திவிடார். "முடி தெளிவு, மணிகள் இழுபட்டுள்ளன, ஒளி நீண்டுவிட்டது, விளக்கின் வலுவைப் பாதியாக்கி அருகில் வைக்க" என்பர். எடுத்தவர் மறுநாளே அதனைச் செய்து பார்க்கலாம். புகழ்ச்சியால் முகம் மலரும். இத்தகைய சொல்லால் கை தேறும். ஆயினும் ஒரே வேளையில் பத்துக் குறைகளை அடுக்குதல் கூடாது. ஒரு படத்திற்கு ஒரு திருத்தம் போதும். இரண்டை ஒருங்கே மாற்றினால் எதனால் நன்மை விளைந்தது என்று அறிய இயலாது. நிறையை முதலிற் கூறுக. அதுவும் குறித்துக் கூறுக. எதனை விட்டுவிடாது காத்தல் வேண்டும் என்பதும் மாணவர் அறிய வேண்டியதன்றோ?

குறை கூறுவோருக்கும் ஒரு கடமை உண்டு. மாணவர் ஒருவர் நந்திக்கடலோரத்தில் வீச்சுவலை விரியும் கணத்தைப் படம்பிடித்து வந்தார். வலையின் ஈயக்குண்டுகள் ஒவ்வொன்றும் எண்ணத்தக்கனவாய் இருந்தன. வலையோ வட்டமாக விரியாது ஒருபுறம் ஒடுங்கியிருந்தது. பார்த்தவர் பலரும் "வட்டம் கோணிவிட்டது" என்றனர். கணினியில் அதனை நேராக்கித் தருவதாகவும் ஒருவர் கூறினார். அம்மாணவர் படத்தை வலை வீசிய முதியவரிடமே கொண்டுபோய்க் காட்டினார். அவர் கூறியது இது: "சோளகம் அடிக்கேக்க வலை வட்டமா விரியாது, தம்பி. அது சரியாத்தான் கிடக்கு." பலர் குறை என்று கண்டது காற்றின் வடிவம். அன்று வீசிய சோளகக் காற்றே அப்படத்திற் பதிந்திருந்தது. வட்டத்தை நேராக்கியிருந்தால் காற்றை அழித்திருப்போம். ஒரு படத்திற் குறை காணுமுன், அத்தொழில் அறிந்தவரைக் கேட்டல் நன்று.

படம் என்னும் சாட்சி

இன்று சொற்களைத் தட்டச்சிட்டால் பாற்றுளி முடியை நொடியில் ஆக்கித் தரும் கணினி நிரல்கள் உள்ளன. துளி விழாமலே துளியின் படம் பிறக்கின்றது. அந்நிரல்கள் முன்பு கண்ட எண்ணிறந்த படங்களிலிருந்து, முடி என்றால் எவ்வாறிருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பையே நமக்குத் திருப்பித் தருகின்றன. வொர்திங்டன் முதலில் வரைந்த ஒழுங்கான வட்டங்களும் எதிர்பார்ப்பின் படங்களே. அவ்வறிஞர் பல ஆண்டு உழைத்துத் தாண்டிய இடத்திற்கு நாம் மீண்டும் செல்லுதல் வேண்டுமோ?

இவ்வினா பிற ஊரார்க்கு வெறும் அழகியல் வினாவாக இருக்கலாம். வன்னியில் அவ்வாறன்று. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளில் நம் குடும்பங்கள் பல, வீட்டோடு படங்களையும் இழந்தன. பாட்டனாரின் முகத்தைக் காட்ட ஒரு படமும் இல்லாத வீடுகள் நம் மாணவரிடையே உள்ளன. 2017ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரங்களில் அமர்ந்தபோது அவர்தம் கைகளில் இருந்தவை ஒளிப்படங்களே. "இவர் இருந்தார்" என்று சொல்லும் சாட்சி அது. அச்சாட்சிக்கு மதிப்பு உண்டாவது படம் பொய் சொல்லாது என்னும் நம்பிக்கையால். அந்நம்பிக்கை ஒரு நீர்த்துளிப் படத்தில் தளர்ந்தாலும் பிறிதொரு படத்திலும் தளரும்.

ஆதலின் நம் மாணவர்க்குக் கூறுவது இது. உங்கள் முடி கோணியிருந்தால் கோணியபடியே காட்டுங்கள். ஒளியையும் குவியத்தையும் கணத்தையும் திருத்துங்கள், நிகழ்ந்ததைத் திருத்தாதீர்கள். கூட்டியோ மாற்றியோ அமைத்த படமாயின் அதனைப் படத்தின்கீழ் எழுதிவிடுங்கள். எடுத்த நாள், இடம், உயரம், ஒளியின் வலு ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தேறாத படங்களையும் அழித்துவிடாதீர்கள். வொர்திங்டனின் மெய் அவர் ஒதுக்கிவைத்த தாள்களிலேதான் காத்திருந்தது.

பழைய மாணவராகிய அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் இல்லங்களில் உறங்கும் பழைய கமராவோ பிளாஷ் விளக்கோ நம் கல்லூரி ஆய்வுகூடத்திற்கு வருமாயின், நீர்த்துளியைக் காண விழையும் கண்கள் பல இங்கே உண்டு. அவற்றைக் கொணர்ந்து தருவதோடு அமையாது, மாணவர் எடுத்த படங்களின் முன் அரைமணி நேரம் நின்று, கண்டதைக் கண்டவாறு அவர்க்கு எடுத்துரைத்தும் செல்லுங்கள். கருவியினும் அச்சொல் அவர்களிடத்தில் நெடுநாள் நிற்கும்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க! அவள் மக்கள் தெளிந்த கண்ணினராய்ச் சிறந்து விளங்குக!